அடியாத நாயும் படியும்: ஒரு "டிக்" சத்தத்தின் வரலாறு

"அடியாத மாடு படியாது" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. மாட்டுக்குச் சொன்னதை நாய்க்கும் நீட்டினார்கள், நாயோடு நிறுத்தாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். இந்தப் பழமொழி சரியா தப்பா என்று 20-ம் நூற்றாண்டு முழுக்க உலகத்தில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. சண்டை போட்டவர்கள் கவிஞர்களோ சாமியார்களோ இல்லை. மனோதத்துவக்காரர்கள், ராணுவக்காரர்கள், மாவு கம்பெனிக்காரர்கள், டால்ஃபினுக்கு மீன் போடுகிறவர்கள். முடிவில் ஜெயித்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதன் பெயர் கிளிக்கர்.

திருவிழாக் கடைகளில் ஒரு தகரப் பொம்மை விற்பார்களே, கட்டை விரலால் அமுக்கினால் "டிக் டக்" என்று காதைத் துளைக்குமே, அதேதான். உள்ளே ஒரு மெல்லிய எஃகுத் தகடு வளைந்து நிமிரும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். 1944 ஜூன் 6-ம் தேதி நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த அமெரிக்க 101-வது வான்படைப் பிரிவினர் இருட்டில் நண்பனா எதிரியா என்று கண்டுபிடிக்க இந்தப் பொம்மையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு முறை அமுக்கினால் மற்றவர் இரண்டு முறை அமுக்க வேண்டும். பத்து காசு பொம்மைக்கு எவ்வளவு பெரிய வேலை பாருங்கள்!

சரி, நாய்க்கு வருவோம்.

நாய்ப் பயிற்சி என்பதை ஒரு முறையான துறையாக முதலில் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் கான்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர். போலீஸ் நாய்களைப் பழக்கியவர். 1910-ல் அவர் எழுதிய கையேடு பல நாடுகளின் போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சிக்கு அடிப்படையாக இருந்தது. மோஸ்ட் முட்டாள் இல்லை. எந்த நொடியில் பாராட்டுகிறோம், எந்த நொடியில் தண்டிக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று மனோதத்துவக்காரர்களுக்கு முன்பே சொன்னவர். ஆனால் அவர் முறையின் முதுகெலும்பு கட்டாயம்தான். கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுப்பது, பிரம்பு, "எஜமான் நான்தான்" என்று நாய்க்குப் புரிய வைப்பது. இது வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்தது. அதனால்தான் அரை நூற்றாண்டுக்கும் மேல் யாரும் அதை மாற்றவில்லை.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1898-ல், எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, தாழ்ப்பாளைத் தள்ளினால் வெளியே மீன் கிடைக்கும்படி வைத்துப் பார்த்தார். பூனை முதலில் கண்டபடி பிராண்டும், தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டும். அடுத்தடுத்த முறைகளில் நேரம் குறைந்துகொண்டே வரும். எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும் என்பது அவர் கண்ட விதி. ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களை வைத்து இன்னொரு பாதி உண்மையைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைப் பல முறை கேட்டுப் பழகிய நாய்க்கு, அந்தச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும். இந்த இரண்டு பாதியையும் ஒட்டினால் கிளிக்கர் பயிற்சி முழுசாக வந்துவிடும். ஆனால் ஒட்டுவதற்கு ஒரு உலக யுத்தம் வேண்டியிருந்தது.

1943-ல் பி.எஃப். ஸ்கின்னர் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், ஜெனரல் மில்ஸ் என்ற கம்பெனியின் மாவு மில் மாடியில் உட்கார்ந்து புறாக்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றால், குண்டுக்குள் புறாவை வைத்து, இலக்கின் படத்தைக் கொத்த வைத்து, குண்டை வழிநடத்துவதற்கு! ராணுவம் கடைசியில் இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. (புறாக்கள் பிழைத்தன.) ஆனால் அந்த மாடியில் ஒரு நாள், மேலதிகாரிகளின் உத்தரவுக்குக் காத்திருந்த நேரத்தில், மெஷின் எதுவும் இல்லாமல் கையாலேயே தீவனத்தைக் கொடுத்து, ஒரு புறாவுக்கு மரப் பந்தைத் தட்டி உருட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பந்தைப் பார்த்தாலே தீனி, பிறகு அலகு பந்தின் பக்கம் போனால் தீனி, பிறகு தொட்டால்தான் தீனி. சில நிமிடங்களில் புறா பந்தை அடித்துத் தள்ள ஆரம்பித்துவிட்டது.

அப்போது பக்கத்தில் நின்றவர் கெல்லர் பிரீலண்ட். அவர் மனைவி மேரியன் பிரீலண்ட் ஸ்கின்னரின் மாணவி. அந்தத் தம்பதிக்கு இதில் ஒரு வியாபாரம் தெரிந்தது. படிப்பை நடுவில் விட்டுவிட்டு 1947-ல் "அனிமல் பிஹேவியர் என்டர்பிரைசஸ்" என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர்களின் முதல் வாடிக்கையாளர் அதே ஜெனரல் மில்ஸ். அந்தக் கம்பெனியின் கால்நடைத் தீவன விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போய், கோழி பியானோ வாசிப்பதையும், பன்றி வீட்டு வேலை செய்வதையும் காட்டினார்கள். விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1950-களில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு இடம் மாறி, 1955-ல் "ஐ.க்யூ. ஜூ" என்ற காட்சிக்கூடத்தைத் திறந்தார்கள். காசு போட்டால் கோழி ஆடும், காசு போட்டால் கோழி உங்களோடு கட்ட விளையாட்டு விளையாடும். மொத்தத்தில் 140-க்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பழக்கிய கம்பெனி அது. 1990 வரை நடந்தது.

தூரத்தில் இருந்து ஒரு மிருகத்துக்கு "அதோ, இப்போது செய்தாயே, அதுதான் சரி" என்று எப்படிச் சொல்வது? தீனி போய்ச் சேர நேரமாகும். அதனால் நடுவில் ஒரு சத்தம். செயலுக்கும் தீனிக்கும் நடுவே பாலம் போடும் சத்தம் என்பதால் அதற்கு "பிரிட்ஜ்" என்றே பெயர் வைத்தார்கள் பிரீலண்ட் தம்பதி.

இந்தப் பாலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, வீட்டு நாயை உட்காரச் சொல்லிப் பாருங்கள். நாய் உட்காருகிறது. நீங்கள் சந்தோஷப்பட்டு, பாக்கெட்டில் கையை விட்டு, பிஸ்கட்டைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்து உங்கள் சட்டையின் மேல் காலைப் போட்டிருக்கும். பிஸ்கட் எதற்குக் கிடைத்தது? உங்கள் கணக்கில் உட்கார்ந்ததற்கு. நாயின் கணக்கில் மேலே தாவியதற்கு! "எங்க வீட்டு நாய் சொன்ன பேச்சே கேட்காது" என்று புலம்பும் பாதிப் பேர் வீட்டில் நடப்பது இந்தக் கணக்குத் தகராறுதான். கிளிக்கர் கேமராவின் பட்டன் மாதிரி அந்த நொடியைப் பிடித்து வைக்கிறது. முதலில் சும்மா "டிக்" அடித்து உடனே ஒரு துண்டு தீனி, இப்படி இருபது முப்பது முறை. சத்தம் என்றால் தீனி வரப்போகிறது என்று நாய்க்கு மனதில் பதிந்துவிடும். அப்புறம் நாய் உட்காரும் அதே நொடியில் "டிக்". தீனி இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

இப்போது 1951-ம் வருஷத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே வருஷத்தில் இரண்டு இடங்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் ஸ்கின்னர் "சயின்டிஃபிக் அமெரிக்கன்" பத்திரிகையில் மிருகங்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பொது ஜனங்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். கடையில் கிடைக்கும் டிக்-டிக் பொம்மையை வைத்து வீட்டு நாயைப் பழக்கும் முறை அதில் அப்படியே இருக்கிறது. பிரீலண்ட் தம்பதியும் அதே வருஷம் தங்கள் தொழிலைப் பற்றி மனோதத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். இங்கே சென்னையில், அதே 1951-ல், போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் போலீஸ் நாய்ப் பிரிவு. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இந்தத் தேதிப் பொருத்தம் சுவாரஸ்யமானது.

மோப்ப நாய் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நாயை அடித்து உட்கார வைக்கலாம், அடித்துப் படுக்க வைக்கலாம். அடித்து மோந்து பார்க்க வைக்க முடியாது. மூக்கு அதன் இஷ்டம். அதனால் உலகம் முழுவதும் வெடிமருந்து, போதைப்பொருள் தேடும் நாய்களுக்கு அந்த வாசனையை ஒரு பந்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து விளையாட்டு. சென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டி பெட்டியாக மோந்துகொண்டு போகும் நாய் நாட்டுக்காக உழைப்பதாக நாம் நினைக்கிறோம். அது பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறது! கண்டிப்புக்குப் பேர்போன சீருடைக்காரர்களே, மூக்கு என்று வந்ததும் லஞ்சம் கொடுத்துத்தான் வேலை வாங்கியிருக்கிறார்கள். மீரட்டில் ராணுவத்தின் நாய்ப் பயிற்சி, 1970-ல் குவாலியர் பக்கத்தில் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கிய பயிற்சி மையம் என்று இந்தியாவில் இது பிறகு வளர்ந்தது.

வீட்டு நாய்கள் மட்டும் பழைய முறையிலேயே மாட்டிக்கொண்டன. பிரீலண்ட் தம்பதி 1940-களிலேயே அமெரிக்க நாய்ப் பயிற்சியாளர்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பட்டையை இழுத்துப் பழக்கியவர்களிடம், கோழியை வைத்துப் படம் காட்டுகிறவர்கள் வந்து பாடம் எடுத்தால் கேட்பார்களா? 1962-ல் வில்லியம் கோலர் எழுதிய, இழுப்பும் தண்டனையுமான பயிற்சிப் புத்தகம் அங்கே சக்கைப்போடு போட்டது. அவர் டிஸ்னி படங்களுக்கு மிருகங்களைப் பழக்கியவர், அந்தப் பெயருக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை.

வழி திறந்தது கடலில் இருந்து. டால்ஃபினுக்குப் பட்டை கட்ட முடியாது, பிரம்பு காட்டினால் அது நீந்திப் போய்விடும். ஆகவே டால்ஃபின் பழக்குகிறவர்களுக்கு விசிலும் மீனும் தவிர வேறு வழியே இல்லை. 1960-களில் ஹவாய் தீவில் சீ லைஃப் பார்க்கில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் என்ற பெண்மணி இதை முழுசாகக் கற்றுக்கொண்டார். 1984-ல் அவர் எழுதிய "டோன்ட் ஷூட் த டாக்" என்ற புத்தகம் பெயரில்தான் நாய். உள்ளே முக்கால்வாசி மனிதர்கள். சண்டை போடும் ரூம்மேட், அழும் குழந்தை, நச்சரிக்கும் மாமியார் எல்லோரையும் எப்படி அடிக்காமல் திட்டாமல் மாற்றுவது என்று எழுதியிருந்தார். நாய்க்காரர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். 1992-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நடத்தையியல் மாநாட்டில் பிரையரும் கேரி வில்க்ஸ் என்ற நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து மேடையேறினார்கள். விசிலுக்குப் பதில் கையில் கிளிக்கர். அதற்குப் பிறகுதான் இந்த முறை காட்டுத்தீ மாதிரி பரவியது. ஸ்கின்னர் எழுதி 41 வருஷம் கழித்து! ஒரு நல்ல பொருள் மார்க்கெட்டுக்கு வர 41 வருஷம் ஆனதற்குப் பொருளில் குறை எதுவும் இல்லை. விற்கப் போனவர்கள் தப்பான கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்த விஞ்ஞானம் ரொம்ப நாளாகத் தெருவிலேயே உட்கார்ந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளி ஜோசியக்காரரை நினைத்துப் பாருங்கள். கூண்டுக் கதவு திறக்கும், கிளி வெளியே வரும், அடுக்கில் இருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடும், ஒன்றை எடுத்துக் கொடுக்கும், ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். ஸ்கின்னர் பார்த்திருந்தால் ஜோசியரோடு கை குலுக்கியிருப்பார். ஆனால் இதை "அன்பு முறை" என்று கொண்டாடவும் முடியாது. இறக்கை வெட்டப்பட்ட கிளிக்குப் போக இடம் ஏது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். நெல்மணி கொடுப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு நம் ஊர்க் கிளியே சாட்சி.

அடிப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? இதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். மிருகவதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பின்னால் 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. சட்டத்தின் 11-வது பிரிவு மிருகத்தை அடிப்பதையும் உதைப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறை மாட்டினால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அதில் ஒரு பிளேட் பிரியாணி கூட வராது. எனவே சட்டத்துக்குப் பயந்து யாரும் பிரம்பைக் கீழே போடப் போவதில்லை. வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் ஆராய்ச்சியில் இருக்கிறது. 2020-ல் போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், இழுப்பும் அதட்டலுமாகப் பழக்கப்பட்ட நாய்களிடம் பயிற்சியின்போது பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன, எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியது. அதைவிட முக்கியம் கடி. நாய் உறுமுவது ஒரு எச்சரிக்கை, "இதுக்கு மேல வராதே" என்று அர்த்தம். உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் நாயின் பயம் போகாது, உறுமல் மட்டும் போகும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான். ரேபிஸ் இன்னும் ஒழியாத நாட்டில் இது விளையாட்டு விஷயம் இல்லை.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற வேப்பம்பட்டு மாதிரி ஊர்களில் இதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். பிளாட் போட்டு வீடு கட்டிக் குடிவந்தவர்கள், பக்கத்தில் காலி மனைகள், ராத்திரி இருட்டு, அதனால் காவலுக்கு ஒரு நாய். லேப்ரடாரோ ராஜபாளையமோ வாங்கி, பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி, "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மாட்டிவிட்டால் கடமை முடிந்தது. பிறகு யாரைப் பார்த்தாலும் பாய்கிறது என்று அடி. ராஜபாளையத்துக்கு "முரட்டு நாய், பழக்க முடியாது" என்று ஒரு கெட்ட பெயரே உண்டு. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு மரியாதைக்குரிய நாய்க்கு இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் புத்திக் குறைவு இல்லை. அது ஓடி வேட்டையாடும் சாதி. லேப்ரடார் பிஸ்கட்டுக்கு உருகும், வேட்டை நாய்க்குத் துரத்துவதுதான் பிஸ்கட். சம்பளம் எதில் கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும்.

இன்னொரு விநோதம்: வீட்டில் தமிழ் தவிர வேறு பேசாதவர்கள் கூட நாயிடம் "சிட்", "கம்", "கோ" என்று இங்கிலீஷில்தான் பேசுவார்கள். மணி என்று பெயர் வைத்த நாட்டு நாய்க்கும் இங்கிலீஷ்தான். வெள்ளைக்காரர் வீட்டு நாய்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாக இருக்கலாம். கிளிக்கருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அதற்குப் பாஷை கிடையாது. கோபமும் கிடையாது. ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்த நாளிலும் அதே "டிக்" தான் :)

இதெல்லாம் படித்துவிட்டுக் கிளிக்கர் ஒரு மந்திரக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. கிளிக்கர், "நல்லது" மாதிரி ஒரு சொல், வெறும் தீனி ஆகிய மூன்றையும் 51 நாய்களிடம் ஒப்பிட்ட 2016-ம் ஆண்டின் இத்தாலிய ஆய்வு ஒன்றில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வெகுமதிதான் வேலை செய்கிறது, டப்பா அதன் ரசீது. பிரீலண்ட் தம்பதியே 1961-ல் தங்கள் தோல்விகளை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். விளம்பரம் ஒன்றுக்காக உண்டியலில் காசு போட ஒரு ரக்கூனைப் பழக்கினார்கள். ஒரு காசு வரை ஒழுங்காகப் போட்டது. இரண்டு காசு கொடுத்ததும் போட மனசே வரவில்லை, கஞ்சன் மாதிரி இரண்டையும் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. இரையைத் தேய்த்துத் தின்பது அதன் பிறவிப் பழக்கம், எவ்வளவு தீனி கொடுத்தும் மாறவில்லை. சேமிப்பை வலியுறுத்த எடுத்த விளம்பரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனாலும் இந்த டப்பாவால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. டான்சானியாவில் அப்போப்போ என்ற தொண்டு நிறுவனம் பெரிய ஆப்பிரிக்க எலிகளைக் கிளிக்கரும் வாழைப்பழமும் வைத்துப் பழக்கி, கண்ணிவெடி தேட வைக்கிறது. எலியின் எடை கம்மி, மிதித்தாலும் வெடிக்காது. அப்படிப் பழகிய மகாவா என்ற எலி கம்போடியாவில் வேலை பார்த்து 2020-ல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. அமைப்பிடம் தங்கப் பதக்கம் வாங்கியது. அதே கண்ணிவெடி வேலையை நாய்கள் நமக்கு நெருக்கமான இடத்தில், இலங்கையின் வடக்கில், செய்திருக்கின்றன. ஊர் திரும்பக் காத்திருந்த சனங்களுக்கு வயலில் கால் வைக்கலாமா கூடாதா என்பதை ஒரு மூக்கு சொல்ல வேண்டியிருந்தது.

பிரீலண்ட் 1965-ல் காலமானார். மேரியன் பிறகு பாப் பெய்லி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து வயதான காலத்தில் நாய்ப் பயிற்சியாளர்களுக்கு முகாம் நடத்தினார்கள். அங்கே நாய் கிடையாது, மேஜை மேல் ஆளுக்கு ஒரு கோழி. நாய் நம் தப்பை மன்னித்து வாலாட்டும், கோழி மன்னிக்காது. "டிக்" அரை நொடி தாமதமானால் தப்பான செயலைக் கற்றுக்கொள்ளும், அதட்டினால் மேஜையை விட்டு இறங்கிப் போய்விடும். பல வருஷ அனுபவம் உள்ள பயிற்சியாளர்கள் கோழியிடம் திணறினார்கள் என்று கேட்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கிளிக்கர் கிடைக்காவிட்டால், அமுக்கினால் "டிக்" என்கிற பால்பாயின்ட் பேனா போதும். டீக்கடைப் பொறையைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாய்க்குப் பசி இருக்கும் நேரம் நல்லது, சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போகும் நேரம் வேண்டாம். ஒரு முறை "டிக்" அடித்துவிட்டால், தப்பாக அடித்திருந்தாலும், பொறையைக் கொடுத்தே ஆக வேண்டும்.